எட்டாம் எண் பட்டை

உட்காருங்கள் மாஸ்டர், காலை நீட்டியே உட்காருங்கள். இந்த பெஞ்சில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டோக்கன் எத்தனை? முப்பத்தெட்டா? உள்ளே இப்போதுதான் பதினொன்று போயிருக்கிறது. நேரம் இருக்கிறது.

புரோட்டா மாஸ்டர்தானே? முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்பு, கணுக்காலுக்கு மேலே கட்டு. கேட்கவே வேண்டாம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கல்லுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு நரம்பு சுருண்டு புண் வராமல் என்ன வரும்? நின்று பிழைக்கிறவன் புண் இது. உட்கார்ந்து பிழைக்கிற முதலாளி எவனுக்காவது இந்த இடத்தில் புண் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. எழுபத்திரண்டு வயதாகிறது, பார்த்ததில்லை.

கையில் என்ன, சம்மதப் படிவமா? அதைப் பார்த்துத்தான் உங்களை இங்கே கூப்பிட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இல்லை. நல்லது. அப்படியே மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போடுவதா கிழிப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

என் பெயர் திருமூர்த்தி. உங்கள் வயதுக்குத் தெரியாது. உங்கள் அப்பா மில்லில் வேலை செய்திருந்தால் அவரிடம் கேளுங்கள். முப்பது வருடம் ஸ்பின்னிங். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போனது. மிச்சமெல்லாம் நோட்டீஸில் படித்தது. சிரிக்காதீர்கள். ஒரு துண்டறிக்கையை ஒழுங்காகப் படித்தால் அதில் சரித்திரம் இருக்கும், கணக்கு இருக்கும், சட்டம் இருக்கும். நான் படித்ததை விட எழுதியது அதிகம். என் நோட்டீஸை எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் தன் வீட்டில் கதவைச் சாத்திவிட்டுப் படிப்பாராம். அவர் டிரைவரே சொன்னான்.

புண் ஆற இங்கே காலில் கட்டிவிடுகிறார்களே, அந்தப் பட்டைக் கதைக்கு வருகிறேன். போன ஆவணியில் ஆரம்பித்தார்கள். நீங்கள் இரண்டாவது கோஷ்டி, நாங்கள்தான் முதல் கோஷ்டி. பதினெட்டுப் பேர். எல்லாருக்கும் இதே மாதிரி ஆறாத புண். கண்டக்டர் உண்டு, ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்கள் உண்டு, ஒரு போலீஸ்காரர் கூட உண்டு. மில்லிலிருந்து நானும் மருதாசலமும். எனக்கு எண் ஏழு, அவனுக்கு எட்டு.

எண்தான். பெயர் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் யாமினி என்று ஒரு பெண். உள்ளே இருக்கிறாளே, அவள்தான். நல்ல பெண், அதை நான் மறுக்கவில்லை. முதலாளிகளிலும் நல்லவர்கள் உண்டு; அதனால் முதலாளித்துவம் நல்லதாகிவிடாது. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினாள். முழங்காலுக்குக் கீழே ஆடுசதையில் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து முடி மாதிரி ஒரு கம்பி புண்மேல் போட்டிருக்கும் கட்டுக்குள் போகிறது. பேட்டரி கிடையாது. நடந்தால் பட்டைக்குள் இரண்டு ஏடு ஒன்றோடு ஒன்று உரசும். உரசினால் மின்சாரம். அந்த மின்சாரம் புண்ணைத் தட்டித் தட்டி எழுப்புமாம், தோல் வளர்ந்து மூடுமாம். காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி நடக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது பட்டையில் ஒரு பச்சைப் புள்ளி மின்னும்.

எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஸ்பின்னிங்கில் காற்று வறண்டுபோன நாளில் நூல் விரலில் ஒட்டிக்கொள்ளும், கை மயிரெல்லாம் எழுந்து நிற்கும். அதே சனியன்தான். அங்கே நூல் அறுந்துபோகும் என்று மிஷின் வைத்துத் தண்ணீர் தெளித்து அதைக் கொன்றார்கள். இங்கே பட்டைக்குள் வைத்து வளர்க்கிறார்கள்.

"அப்ப கரண்டு எங்களுதுங்களா, ஆசுபத்திரியுதுங்களா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சிரித்தாள். "உங்களோடதுதான் ஐயா. நீங்க நடக்கறீங்க, உங்களுக்கே வருது."

"அப்ப இந்த நம்பர் எதுக்கு?"

அதுதான் விஷயம். பட்டை எண்ணுகிறது, மாஸ்டர். ஒவ்வொரு அடியையும் எண்ணுகிறது. திங்கட்கிழமை வந்தால் நர்ஸ் தன் போனைப் பட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவருவாள்; அந்த வாரம் எத்தனை அடி நடந்தாய் என்று கிளிக்கென்று போய்விடும். "எட்டாம் நம்பர் இந்த வாரம் கொறஞ்சிருக்கே, ஏன்?" என்று கேட்பாள். மருதாசலம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். "மழைங்க அம்மிணி, அடுத்த வாரம் சேத்தி நடந்துபோடறனுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. எண்பத்தாறில் எங்கள் மில்லுக்கு ஸ்டாப் வாட்ச்சோடு ஒருவன் வந்தான். நூல் நூற்கிற ஃபிரேமுக்கு ஃபிரேம் நாங்கள் நடக்கிற அடியை எண்ணினான். எண்ணி முடித்துவிட்டு, ஃபிரேமில் நான்கு பக்கம் பார்க்கிற ஆள் ஆறு பக்கம் பார்க்கலாம் என்று எழுதிக்கொடுத்தான். அன்றைக்குத்தான் உள்ளிருப்புப் போராட்டம். மிஷினை நிறுத்திவிட்டு அவரவர் ஃபிரேமுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். இருபத்து மூன்று நாள். கடைசியில் ஒப்பந்தம். அந்தக் கதையில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் ஆகி எல்லாரும் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் முதல் ஷிப்டுக்கு வந்து பார்த்தால் மருதாசலம் தன் ஃபிரேமுக்கடியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். "ஏன்டா, முடிஞ்சுபோச்சே!" என்றால், "நீங்க வந்து சொல்லுலீங்களே தலைவரே" என்கிறான். அப்படிப்பட்ட கட்டுப்பாடு! மேடையில் இதை நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவனையும் மேடையில் ஏற்றி வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். கூட்டம் சிரிக்கும், கை தட்டும். அவனும் சிரிப்பான்.

சரி. நான்காம் வாரம் டாக்டரிடம் போய்க் கேட்டேன். இது முடிந்ததும் என்ன செய்வீர்கள்? கட்டுரை எழுதுவோம், வெளிநாட்டுப் பத்திரிகையில் வரும். அதில் யார் பெயர் வரும்? டாக்டர்கள் பெயர், பட்டை செய்த என்ஜினீயரிங் காலேஜ்காரர்கள் பெயர். எங்கள் பெயர்? "உங்க பேரு போடக்கூடாதுங்க ஐயா. விதி அப்படி. உங்க பாதுகாப்புக்குத்தான்."

உழைத்தவன் பாதுகாப்புக்காக உழைத்தவன் பெயரை மறைக்கிறார்களாம். உலகத்தில் எங்கேயாவது கேட்டதுண்டா? மின்சாரம் எங்கள் காலில். புண் எங்கள் காலில். பெயர் மட்டும் அவர்களுடையது.

அன்றைக்கே நோட்டீஸ் எழுதினேன். 'தோழர்களே! நடப்பது நம் கால், எண்ணுவது அவர் கை! பதினெட்டு எண்கள் அல்ல நாம், பதினெட்டு மனிதர்கள்!' கோரிக்கைகள் ஐந்து. பஸ் கட்டணம். திங்கட்கிழமை டீ. ஒரு வருடம் இலவச சிகிச்சை. எண்ணிக்கையை எங்களைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. ஐந்தாவது, கட்டுரையில் பதினெட்டுப் பேர் பெயரும் வர வேண்டும்.

முதல் நான்கையும் அந்தப் பெண் அன்றைக்கே ஒப்புக்கொண்டாள். எழுதியே கொடுத்துவிட்டாள். இங்கேதான் அனுபவம் தேவை. அனுபவம் இல்லாதவன் நான்கை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி வீட்டுக்குப் போவான். நான்கை உடனே கொடுக்கிறாள் என்றால் ஐந்தாவதில்தான் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நான் விடவில்லை.

உள்ளிருப்பு அறிவித்தேன். எப்படி என்று கேளுங்கள். பட்டையைக் கழற்றி வீசுவது அல்ல. கழற்றினால் ஆள் விலகிவிட்டான் என்று எழுதிவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். பட்டை காலில் இருக்க வேண்டும், நடக்கக்கூடாது. அவரவர் வீட்டில், அவரவர் நாற்காலியில் உட்கார வேண்டும். திங்கட்கிழமை கட்டு மாற்றவும் போகக்கூடாது. அவர்கள் என்றைக்கு எண்ணிப் பார்த்தாலும் பூஜ்யம் வர வேண்டும். பதினெட்டுப் பூஜ்யம். யோசித்துப் பாருங்கள், அடியை எண்ணுகிறவனுக்கு இதைவிட என்ன பதில் இருக்கிறது?

கைதட்டினார்கள், மாஸ்டர். இதே வராந்தாவில்.

முதல் நாள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் போலீஸ்காரர் எழுந்து நடந்துவிட்டார், போலீஸ் புத்தி. மூன்றாம் நாள் கண்டக்டர். "சும்மா உக்காந்தா கால் வீங்குதுங்க, டாக்டரம்மா கோவிச்சுக்குவாங்க" என்று ஒரு சாக்கு. ஜவுளிக்கடைப் பெண்கள் என்னிடம் தலையை ஆட்டிவிட்டு நேராகக் கடைக்குப் போய் நின்றிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் பாதிப் பேர் கருங்காலி. நான் என்ன செய்ய? ஒரு தலைவன் வீட்டில் உட்கார்ந்தா இருக்க முடியும்? போராட்டத்தைக் கட்டிக்காக்க வேண்டாமா? சிங்காநல்லூரில் இரண்டு பேர், பீளமேட்டில் நான்கு பேர், உப்பிலிபாளையத்தில் மூன்று பேர். காலையில் நோட்டீஸ் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினால் வீடு வீடாக, சந்து சந்தாக நடப்பேன். பஸ்ஸில் ஏறினால் சந்துக்குள் போக முடியாது. சாயங்காலம் வரைக்கும் நடை. மூன்று வாரம் அப்படி நடந்தேன். பட்டை? காலில்தான் இருந்தது. கழற்றக்கூடாது என்று முடிவெடுத்ததே நான்தானே, நானே கழற்றலாமா?

திங்கட்கிழமைகளில் பேச்சுவார்த்தைக்கு இங்கே வருவேன். டாக்டர் பேசுவதற்கு முன்னால், "ஐயா, பேசறது இருக்கட்டும், மொதல்ல கட்ட மாத்திக்கலாம்" என்பாள். மறுத்தால் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். பொதுக் காரியத்துக்காகக் காலை நீட்டினேன். நர்ஸ் துடைத்துக் கட்டுவாள். நான் ஐந்தாவது கோரிக்கையைப் பேசிக்கொண்டே இருப்பேன்.

மருதாசலம் வீட்டுக்குத் தினமும் போவேன். கடைசி நிறுத்தம் அவன் வீடுதான். அவன் ஒருவன்தான் அசையவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைச் சன்னலுக்குப் பக்கத்தில் போட்டு, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கருணாம்பாள், அவன் சம்சாரம், டீ கொண்டுவந்து வைப்பாள். வைக்கிற சத்தத்திலேயே அந்தம்மாள் கட்சி தெரிந்துவிடும்.

"இவரு கக்கூசுக்குப் போறதுக்குக்கூட உங்கள்ட்ட பர்மிசன் கேக்கோணும்ங்கறாருங்க" என்பாள்.

"அடிக்கணக்குல ஏறிப்போகுமில்ல புள்ள" என்பான் அவன். "பட்டை பொய் சொல்லாது பாத்துக்க."

நான் சிரித்து, கக்கூசுக்கு விலக்கு அளித்தேன்.

சர்க்கரை இருக்கிறது அவனுக்கு. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். மூன்றாம் வாரம் அந்த அறைக்குள் நுழைந்ததும் ஒரு வாடை. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று நான்தான் கருணாம்பாளிடம் சொன்னேன். கட்டின் ஓரம் பச்சையாக ஈரம் தெரிந்தது. "மருதாசலம், வலிக்குதாடா?" என்று கேட்டேன். கேட்டேன், மாஸ்டர். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "வலியே இல்லீங்க தலைவரே, மரத்த மாதிரி இருக்குது" என்றான். வலி இல்லை என்று ஒரு தொழிலாளி சொன்னால் நான் நம்ப வேண்டுமா, வேண்டாமா?

"எத்தன பேருங்க இன்னும் உக்காந்திருக்கறாங்க?" என்று கேட்டான்.

"பதினெட்டுப் பேரும்" என்றேன். போராட்டக் களத்தில் உள்ளவனுக்கு உற்சாகம் தர வேண்டும். அது பொய்யில் சேராது.

நான்கு நாள் கழித்துக் காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்துவிட்டான். கருணாம்பாள் என்னைக் கேட்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டு இங்கே கொண்டுவந்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால்.

இப்போது நீங்களே சொல்லுங்கள், யார் பொறுப்பு? ஐந்தே ஐந்து கோரிக்கை. பதினெட்டுப் பெயர். ஒரு தாளில் ஒரு மூலையில் போட்டிருந்தால் மறுநாளே எல்லாரும் எழுந்து நடந்திருப்போம். போடவில்லை. ஒரு தொழிலாளியின் பெயரை எழுத மனமில்லாமல் அவன் காலை வெட்டிவிட்டார்கள். இதை நோட்டீஸில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கோபமாகப் பேசுவாள் என்று நினைத்துத் தயாராகப் போனேன். அவள் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். பதினெட்டு வரிசை.

"எட்டாம் எண்ணைப் பாருங்க ஐயா."

நேராக ஒரு கோடு. மூன்று வாரத்துக்குப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நடுவில் கக்கூசுக்குப் போனது மட்டும் சின்னச் சின்னப் புள்ளி. எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிக்கவில்லை.

"இப்ப ஏழாம் எண்ணைப் பாருங்க. பதினெட்டுப் பேர்ல இதுதான் அதிகம். நாங்க சொன்னத விட மூணு மடங்கு நடந்திருக்கீங்க. அதான் உங்க புண்ணு மூடிடுச்சு."

இதோ, பார்க்கிறீர்களா? வேட்டியைத் தூக்கிக் காட்டுகிறேன். இதுதான் இடம். ஆறு வருடம் ஆறாத புண். இப்போது புதுத் தோல், குழந்தை கன்னம் மாதிரி. தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை. அவளிடமே கேட்டேன்: போராட்டத்தில் இருந்தவன் நான், போராட்டத்தில் இருந்தவனுக்கே ஆறிவிட்டது என்றால் உங்கள் பட்டை எதற்கு? இது உடம்பின் வைராக்கியம். எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான், எந்தக் காயமும் நிற்காது. அந்தக் கணக்கெல்லாம் நிர்வாகம் தயாரித்தது. மில்லில் நான் பார்க்காத போலிக் கணக்கா? அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வார்டுக்குப் போனேன். மருதாசலம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கருணாம்பாள் என்னைப் பார்த்ததும் எழுந்து, என் அக்குளில் இருந்த நோட்டீஸ் கட்டைத்தான் பார்த்தாள்.

"இத்தன காயிதம் அடிச்சிருக்கீங்கல்லங்க. இதுல அவருக்கு ஒரு காலு செஞ்சு குடுத்துட்டுப் போங்க."

படிக்காத அம்மாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருதாசலத்திடம் குனிந்து, "கவலப்படாதடா, நஷ்ட ஈடு கேக்கறோம், பெரிய போராட்டமா எடுக்கறோம், நீ ஒரு கையெழுத்து மட்டும் போடு" என்றேன்.

அவன் திரும்பினான். கோபம் இல்லை முகத்தில். அதுதான். கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன், நாற்பது வருடம் கோபத்தைச் சமாளித்தவன். ஒரு சந்தேகம் கேட்கிறவன் மாதிரித்தான் கேட்டான்.

"தலைவரே, நீங்க தெனமும் வந்து உக்காருவீங்கல்ல. உங்க வேட்டிக்கடியில பச்சை மின்னிட்டே வந்து, உக்காந்ததுக்கப்பறம் நிக்கும். தெனமும் பாத்தனுங்க. கமிட்டிக்காரங்க மட்டும் நடக்கலாம் போலன்னு நெனச்சுக்கிட்டனுங்க."

அவ்வளவுதான். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மயக்க மருந்தின் மிச்சம். வேறென்ன? அந்த நிலைமையில் இருக்கிறவனோடு வாதம் செய்ய முடியுமா? கிளம்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போனேன், அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. நிர்வாகம் அவன் மனதைக் கலைத்துவிட்டது. அவர்கள் அதில் கெட்டிக்காரர்கள்.

எனக்குப் புண் இல்லை, டோக்கன் இல்லை, பிறகு ஏன் திங்கட்கிழமை திங்கட்கிழமை இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைப்பீர்கள். அதோ, ஆறாம் எண் அறை. செயற்கைக் கால் அளவெடுக்கிற இடம். திங்கட்கிழமைதான் அவனுக்கு முறை.

இந்த மனுவைப் பாருங்கள். பதினாறு பக்கம். கோரிக்கை எண் ஒன்று: மருதாசலத்துக்கு நஷ்ட ஈடு. கோரிக்கை எண் இரண்டு: கட்டுரையில் அவன் பெயர், முதல் பெயராக. எல்லாம் தயார். பாதிக்கப்பட்டவர் கையெழுத்து என்று இந்த இடம் மட்டும் காலி. அது இல்லாமல் இது வெறும் காகிதம்.

அதோ வருகிறார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறாளே, அவள்தான் கருணாம்பாள். மடியில் துண்டு போட்டு மூடியிருக்கிறான் பாருங்கள், அவன். இளைத்துவிட்டான்.

எனக்காக ஒன்று செய்யுங்கள், மாஸ்டர். இந்தப் பேனாவைப் பிடியுங்கள். போய் இந்தக் கடைசிப் பக்கத்தை அவனிடம் காட்டி ஒரு கையெழுத்து வாங்கி வாருங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். என்னைப் பார்த்தால் அந்தம்மாள் நாற்காலியை அப்படியே திருப்பிவிடுகிறாள். போன வாரம் திருப்பினாள், அதற்கு முந்தின வாரமும். சங்கத்திலிருந்து என்று சொல்லுங்கள். சங்கம் என்றால் அவன் மறுக்க மாட்டான். இதுவரை மறுத்ததில்லை.

ஏன் தயங்குகிறீர்கள்? கால் வலிக்கிறதா? பத்தடிதான், மெதுவாக நடந்து போங்கள்.

நான் வரவில்லை. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.